பாதம் கழுவுகிற தலைமை – தவக்காலம் பற்றி ஒரு வெளியாளின் எண்ணங்கள்

தவக்காலம் என்றால் என்ன என்று என் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர், "கிறிஸ்டியன்ஸ் நாற்பது நாள் கறி சாப்பிட மாட்டாங்க, அதானே?" என்பார்கள். கார்த்திகை மாதம் மாலை போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சுலபமாகப் புரிந்துவிடுகிறது. கத்தோலிக்க வீடுகளில் வயதானவர்கள் நோன்பு இருப்பதை 'ஒருசந்தி' என்பார்கள். நம் பாட்டிமார் புரட்டாசி சனிக்கிழமைக்குச் சொல்லும் அதே சொல்தான்! சாமி வேறு, பட்டினி ஒன்று.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்கன் இல்லை. தம்மம்பட்டியில், மரச் சிற்பங்களுக்கும் சாமி வாகனங்களுக்கும் பேர் போன ஊரில், பிறந்து வளர்ந்தவன். அப்படியானால் அடுத்தவர் விரத காலத்தைப் பற்றி உனக்கு என்ன பேச்சு என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வதில் தவக்காலம் ஆரம்பிக்கிறது. முந்தைய வருஷம் குருத்து ஞாயிறுக்கு மந்திரித்த ஓலைகளை எரித்து எடுக்கும் சாம்பல் அது. ஞாயிறுகளைக் கழித்துவிட்டு நாற்பது நாட்கள். வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு நிலைகளில் சிலுவைப்பாதை. பிறகு புனித வாரம், பெரிய வியாழன், பெரிய வெள்ளி, அப்புறம் உயிர்ப்பு ஞாயிறு. இதெல்லாம் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது பெரிய வியாழன் மாலையில் நடக்கும் ஒரு சின்னச் சடங்கு. திருப்பலியின் நடுவில் குருவானவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். இயேசு தன் கடைசி இரவில் சீடர்களின் பாதங்களைக் கழுவியதாக யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம் சொல்கிறது. அதன் நினைவாகத்தான் இது.

மேனேஜ்மென்ட் படிக்கிற நண்பர்களுக்கு 'சர்வன்ட் லீடர்ஷிப்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் 1970ல் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து பிரபலமானது. ஏடி&டி என்ற பெரிய தொலைபேசி கம்பெனியில் ஏறக்குறைய நாற்பது வருஷம் வேலை பார்த்த மனிதர் அவர். நல்ல தலைவன் முதலில் பணியாளனாக இருக்கிறான், தலைமை பிறகுதான் வருகிறது என்றார். அதற்கு ஒரு சோதனையும் வைத்தார். அந்தத் தலைவனால் சேவை பெற்றவர்கள் மனிதர்களாக வளர்ந்தார்களா? சமூகத்தில் கடைசியில் இருப்பவனுக்கு அதனால் என்ன ஆனது?

இன்று இந்த வார்த்தை கம்பெனிகளின் பவர்பாயின்ட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் விஷயம் பழையது. போப்பாண்டவரின் பட்டங்களில் ஒன்றே 'கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியர்' என்பதுதான். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் போப்பாக வந்த பெரிய கிரகோரியார் காலத்தில் நிலைத்த பட்டம் அது.

சரி, நம் ஊருக்கு வருவோம். கால் கழுவுவது நமக்குப் புதிதா என்ன? கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கழுவுகிறோம், பெற்றோருக்குப் பாதபூஜை செய்கிறோம், சாமியாருக்குச் செய்கிறோம். கவனித்துப் பாருங்கள், எல்லாமே கீழிருந்து மேலே. மேலே இருப்பவர் குனிந்து கீழே இருப்பவரின் காலைத் தொடுவது நம் வழக்கத்தில் அபூர்வம்.

அபூர்வம்தான், ஆனால் இல்லாமல் இல்லை. பெரியபுராணத்தில் கலிக்கம்ப நாயனார் கதை வருகிறது. பெண்ணாகடத்துக்காரர். வீட்டுக்கு வரும் சிவனடியார்களின் காலைக் கழுவி உணவிடுவது அவர் வழக்கம். மனைவி தண்ணீர் வார்க்க, இவர் கழுவுவார். ஒருநாள் அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்த ஆள் அடியார் வேடத்தில் வந்து நின்றார். நாயனார் அவர் காலையும் கழுவப் போனார். "இவன் நம் வேலைக்காரன் ஆச்சே" என்று மனைவி தயங்கினார். நாயனார் அவர் கையையே வெட்டிவிட்டார் என்கிறது கதை. வெட்டியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, அது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தத் தயக்கம். யார் காலையும் கழுவலாம், நம் வீட்டு வேலைக்காரன் காலை மட்டும் எப்படி? தமிழ்நாட்டில் எந்த மதத்துக்குப் போனாலும் இந்தத் தயக்கம் கூடவே வந்து நிற்கிறது என்பதுதான் என் வாதம்.

கிறிஸ்தவம் நம் பகுதிக்கு வந்த கதையிலேயே இது இருக்கிறது. இத்தாலியில் இருந்து வந்து மதுரையில் சந்நியாசி போல வாழ்ந்த ராபர்ட் தெ நோபிலி (தத்துவபோதகர்) 1623ல் வடக்கே புறப்பட்டு சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். சேந்தமங்கலம் நமக்குக் கொல்லிமலையின் அந்தப் பக்கம், அவ்வளவுதான். அதே 1623ஆம் வருஷம் ஜனவரி 31ந் தேதி போப் பதினைந்தாம் கிரகோரியார் ஒரு ஆணை வெளியிட்டார். மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்த ஆணை என்று மட்டும்தான் பலர் அதைப் பற்றிச் சொல்வார்கள். அதன் கடைசிப் பகுதியில் இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. உயர்குலத்தவர் என்று தங்களை நினைப்பவர்கள் எளியவர்களை இழிவாக நடத்தக் கூடாது, ஒரே கோயிலில் சேர்ந்து இறைவார்த்தையைக் கேட்க வேண்டும் என்பது அது.

முன்பகுதி அமலுக்கு வந்தது. பின்பகுதி தேங்கிவிட்டது. 1640ல் பல்தசார் தா கோஸ்தா 'பண்டாரசாமி' என்ற புது வேஷத்தில் பணியைத் தொடங்கினார். உயர்சாதியினருக்கு பிராமண சந்நியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள். குருக்களே இரண்டு வகை! அந்தக் காலத்தில் வேறு வழி தெரியவில்லை என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தற்காலிகமாகப் போட்ட வேலி நிரந்தரச் சுவராகிவிடும் என்பதற்கு சாட்சி திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். அங்கே 1872ல் கட்டி முடித்த தேவாலயத்துக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு கால்கள். ஒரு பக்கம் ஒரு சாதியார், இன்னொரு பக்கம் மற்றவர்கள், நடுவில் தடுப்பு, பீடம் மட்டும் பொது. 1910ல் கௌசானல் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு அந்தத் தடுப்பை இடித்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தடுப்பு வேண்டும் என்றவர்கள் ஜெயிக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் பார்க்கிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். 2008 மார்ச் 9ந் தேதி என்ன நடந்தது என்று பார்ப்போம். அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 23. ஆக, அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உளுந்தூர்பேட்டை பக்கத்தில் எறையூர் என்ற ஊர் (அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி). கிட்டத்தட்ட ஊரே கத்தோலிக்க ஊர். பொதுத்தெரு வழியாகச் சவத்தைக் கொண்டு போக முடியவில்லை, கல்லறை தனி, மரியாதை இல்லை என்று சொல்லி, தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். மோதல் வெடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் தலித் அல்லாத தரப்பைச் சேர்ந்தவர்கள். சாதி யாரைக் காவு வாங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் பெரிய வியாழன் வந்திருக்கும். யாருடைய காலை யார் கழுவுவது?

இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். நம் ஊரில் இருந்து துறையூர் போகிற பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் கோட்டப்பாளையம் இருக்கிறது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. திருவிழாவிலும் நிர்வாகத்திலும் கல்லறையிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே பலன் கிடைக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழக அரசு உள்ளிட்ட தரப்புகளிடம் விளக்கம் கேட்டது. வழக்கில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒரே பீடத்தில் நன்மை வாங்குகிற இரண்டு தெருக்காரர்கள் ஒருவரோடொருவர் பேச டெல்லி வரை போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

இவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 1950ஆம் வருஷத்து அரசாணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் விரிவாக்கினார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே. உன் மதத்தில் சாதி இல்லை என்று அரசாங்கம் சொல்கிறது, உன் சாதிக்கு இங்கே இடம் இல்லை என்று ஊர் சொல்கிறது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தால் ஒரு மனிதன் எங்கே போவான்?

இவ்வளவு இருட்டைச் சொல்லிவிட்டு ஒளியைப் பற்றிப் பேசாமல் போனால் அநியாயம். ஒளி இருக்கிறது. எனக்குத் தெரிந்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தேவசகாயம். 1712ல் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1745ல் ஞானஸ்நானம் வாங்கினார். எங்கே தெரியுமா? அதே வடக்கன்குளத்தில்! சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரோடும் பழகியது அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1752 ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ந் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அதற்கு முன்பே அவர் பெயரில் இருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. ஒரு பெயரில் இருந்து ஒரு வார்த்தை போனதில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்கலாம். நம் ஊர் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இரண்டாவது, ஸ்டான் சுவாமி. நம் பக்கத்து திருச்சி மாவட்டம் விரகாலூர்க்காரர், 1937ல் பிறந்தவர். சேசு சபைக் குருவாகி, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். 2020 அக்டோபரில் பீமா கோரேகாவ் வழக்கில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சு குழல் வைத்த குவளைக்காக அவர் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5ந் தேதி இறந்தார். அந்த வழக்கைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு. சாப்பிடவும் குளிக்கவும் சக கைதிகள் தனக்கு உதவுவதை அவரே சிறையில் இருந்து எழுதினார். பாதம் கழுவும் கதையில் பேதுரு முதலில் மறுக்கிறார், நீர் என் காலைக் கழுவுவதா என்று. அடுத்தவருக்குச் செய்வதை விட, அடுத்தவர் செய்வதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வது பல தலைவர்களுக்குக் கஷ்டம். வாழ்நாள் முழுக்க ஊழியம் செய்தவர் கடைசியில் ஊழியம் பெற்றுக்கொண்டதும் ஒரு பாடம்தான்.

மூன்றாவது, போப் பிரான்சிஸ். பதவிக்கு வந்த அதே மாதம், 2013 மார்ச் 28 பெரிய வியாழன் அன்று, ரோமில் சிறார் சிறைக்குப் போய் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதில் இரண்டு பெண்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள். அதுவரை ஆண்களுக்கு மட்டுமே என்று இருந்த விதியை 2016 ஜனவரியில் மாற்றினார். அந்த வருஷம் அகதிகள் முகாமில் அவர் கழுவிய கால்களில் இந்தியாவைச் சேர்ந்த ஒரு இந்துவின் காலும் உண்டு. 2025 ஏப்ரல் 17, அவருடைய கடைசிப் பெரிய வியாழன். உடம்பு முடியாத நிலையிலும் ஒரு சிறைக்குப் போனார். குனிந்து கழுவ முடியவில்லை, கைதிகளைப் பார்த்துவிட்டு மட்டும் வந்தார். நாலு நாளில், ஏப்ரல் 21ந் தேதி காலமானார்.

இந்த மூன்று பேரும் பெரிய பெயர்கள். பெயர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கிராமங்களில் 'உபதேசியார்' என்று ஒருவர் இருப்பார். குருவானவர் எப்போதாவதுதான் வர முடியும் என்ற காலத்தில் பிள்ளைகளுக்கு மந்திரம் (ஜெபத்தை அப்படித்தான் சொல்வார்கள்) சொல்லிக்கொடுத்து, நோயாளியைப் பார்த்து, செத்தவரை அடக்கம் செய்து, திருச்சபையைத் தூக்கி நிறுத்தியது உபதேசியார்கள்தான். கிரீன்லீஃப் பிறப்பதற்கு முன்னூறு வருஷத்துக்கு முன்பே இங்கே 'சர்வன்ட் லீடர்ஷிப்' நடந்துகொண்டுதான் இருந்தது, சம்பளம் இல்லாமல் அல்லது சொற்பச் சம்பளத்தில்.

இப்போது என் கருத்து. பெரிய வியாழன் சடங்கு நல்ல சடங்கு. ஆனால் கால் கழுவி முடித்துத் துண்டை மடித்து வைத்த பிறகுதான் உண்மையான சோதனை ஆரம்பிக்கிறது. ஒரு பங்கில் பணியாளர் தலைமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாலு கேள்வி போதும். பங்குப் பேரவையில் எந்தத் தெருக்காரர்கள் உட்காருகிறார்கள்? திருவிழா வரி எல்லாரிடமும் வாங்கப்படுகிறதா? தேர் எந்தத் தெரு வரை போகிறது? கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? இந்த நாலுக்கும் நல்ல பதில் சொல்கிற பங்குகள் தமிழ்நாட்டில் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை யாரும் செய்தியாக்குவதில்லை. பதில் சொல்ல முடியாத பங்கு, நாற்பது நாள் கறி சாப்பிடாமல் இருப்பதற்குப் பதிலாக அந்த நாலில் ஒன்றையாவது இந்தத் தவக்காலத்தில் சரி செய்யலாம்.

என்னைக் கேட்டால், கால் கழுவுவதைக் குருவானவரோடு நிறுத்தவும் வேண்டாம். அவர் கழுவுவது அவர் கடமை என்று மக்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். திருப்பலி முடிந்த பிறகு திருவிழாக் கமிட்டித் தலைவர் இறங்கி வந்து, பக்கத்துத் தெருக்காரரின் காலைக் கழுவட்டும். அடுத்த வருஷம் அவர் இவருக்குக் கழுவட்டும். கலிக்கம்பர் வீட்டில் வந்த அதே தயக்கம் அங்கே வரும். வரட்டும். தயக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைப் பற்றிப் பேசவே முடியும்?

"மெதுவாகத்தான் மாறும், அவசரப்பட்டால் கலவரம் வரும்" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். 1623ல் இருந்து மெதுவாகத்தான் மாறிக்கொண்டிருக்கிறது. நானூறு வருஷம் அவசரம் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி, முதலில் சொன்ன கேள்விக்குப் பதில். அடுத்தவர் மதத்தைப் பற்றி உனக்கென்ன? எங்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று நான் சொல்லவே இல்லை. நம் சேலம் மாவட்டத்திலேயே 2024 மே மாதம், தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தலித் மக்கள் வழிபடுவது சம்பந்தமாக மோதல் வந்து கடைகள் எரிந்தன. ஒரே நோய்தான், கோயிலில் ஒரு பெயர், தேவாலயத்தில் ஒரு பெயர். அதனால்தான் பக்கத்து வீட்டில் ஒரு மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. தலைவன் குனிந்து கடைசி ஆளின் காலைத் தொட வேண்டும் என்று வருஷா வருஷம் சடங்காகவே வைத்திருக்கிற ஒரு சமூகம், அதை நிஜமாகச் செய்து காட்டினால் எங்களுக்கும் கேட்க ஒரு வாய் இருக்கும்.

பாஸ்கா இரவில் தேவாலயத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே புது நெருப்பு மூட்டி, அந்த வருஷத்தின் எண் பொறித்த ஒரு பெரிய திரியை ஏற்றி உள்ளே கொண்டு வருவார்கள். அதில் இருந்து ஒருவர் தன் மெழுகுவர்த்தியை ஏற்றி, பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. சில நிமிஷத்தில் கோயில் முழுக்க வெளிச்சம். அந்த இருட்டில் பக்கத்தில் நிற்பவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் திரி அணைந்துவிடும். மறுநாள் காலை வெளிச்சத்திலும் கேட்காமல் இருக்க முடியுமா என்பதுதான் என் ஒரே சந்தேகம். நம் ஊர்த் தச்சர்கள் எவ்வளவு அழகான வாகனம் வேண்டுமானாலும் செதுக்கித் தருவார்கள். அது எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதைத் தூக்குகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.